நொதியைச் செய்யத் தெரிந்தவர் யார்? கைரல் மருந்துகளும் மும்பையின் வேதியியலும்

மும்பை மாதுங்காவின் தமிழ் உணவகங்களில் இரவெல்லாம் புளிக்கும் இட்லி மாவில் லூக்கோனோஸ்டாக் மெசன்டிராய்டிஸ் என்ற பாக்டீரியா லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகிறது. அந்த மாவை அரைத்துத் தூக்கி வைத்தவரின் தசையிலும் லாக்டிக் அமிலம் ஊறுகிறது. இரண்டிலும் அணுக்கள் அவையே. எது எதோடு பிணைந்திருக்கிறது என்பதும் ஒன்றே. ஆனாலும் அந்தப் பாக்டீரியா தரும் அமிலம் தளமுனைவுற்ற ஒளியை இடப்பக்கம் திருப்பும். தசையில் பிறப்பது வலப்பக்கம் திருப்பும். வலக்கால் செருப்பும் இடக்கால் செருப்பும் போல ஒன்று மற்றதன் ஆடிப் பிம்பம். ஒன்றின் மேல் ஒன்றை எப்படி வைத்தாலும் பொருந்தாது. இப்படிப்பட்ட மூலக்கூறுகளையே கைரல் மூலக்கூறுகள் என்கிறோம்.

உயிர்கள் பொதுவாக இரண்டில் ஒன்றையே தேர்ந்து செய்கின்றன. வேதியியலாளரின் குடுவைக்கு அந்தத் தேர்வு தெரியாது. கைரல் தன்மையுள்ள எதுவும் துணைக்கு இல்லாமல் வினை நடந்தால் இரண்டு வடிவங்களும் சரிபாதியாகக் கலந்த சுழிமாய்க் கலவைதான் கிடைக்கும். மருந்து செய்பவருக்குப் பெரும்பாலும் ஒரு பாதி மட்டும் போதும். அந்தத் தேர்வை நொதிகளிடமும் நுண்ணுயிர்களிடமும் ஒப்படைப்பதே உயிர்வினையூக்கம். இந்த முறை எங்கே வென்றது, எங்கே தடுமாறியது, வேதித் தொழிலும் வேதிக் கல்வியும் இவ்வளவு செறிந்த மும்பையில் அது எதுவரை வந்திருக்கிறது என்பதை இக்கட்டுரை பார்க்கிறது.

ஒரு வடிவம் மட்டும் ஏன்?

இந்தக் கேள்விக்குப் பாடப்புத்தகங்கள் தரும் வழக்கமான விடை தாலிடோமைடு. 1957-ல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து, 1961-ல் திரும்பப் பெறப்பட்ட அந்த மருந்தால் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஊனத்துடன் பிறந்தார்கள். ஒரு வடிவம் நல்லது, மற்றது நஞ்சு என்று அந்தக் கதையைச் சுருக்கிச் சொல்வது வழக்கம். உண்மை அவ்வளவு எளிதானதல்ல. தாலிடோமைடின் இரு வடிவங்களும் உடலுக்குள் சில மணி நேரத்தில் ஒன்று மற்றொன்றாக மாறிக்கொள்கின்றன. நல்ல வடிவத்தை மட்டும் பிரித்துக் கொடுத்திருந்தாலும் அந்தக் குழந்தைகளைக் காப்பாற்றியிருக்க முடியாது.

இதைவிடத் தெளிவான சான்று காசநோய் மருந்துகளில் இருக்கிறது. தாராவி போல ஒரே அறையில் பலர் படுத்துறங்கும், காற்று புகாத குடியிருப்புகளில் காசநோய் இன்றும் தீராத துயரம். அங்கே புதிதாக நோய் கண்டறியப்பட்ட ஒருவருக்குச் சிகிச்சையின் தொடக்கத்தில் நான்கு மருந்துகள் தரப்படுகின்றன. அவற்றில் ஐசோனியாசிட், பைரசினமைடு ஆகிய இரண்டும் கைரல் அல்ல. ரிஃபாம்பிசின் சிக்கலான கைரல் மூலக்கூறு. ஆனால் அதன் கட்டமைப்பை ஒரு மண் பாக்டீரியாவே அமைத்துத் தந்துவிடுகிறது, வேதியியலாளர் கடைசியில் சிறிதளவே மாற்றுகிறார். நான்காவது மருந்தான எதாம்பூட்டால் முழுக்க முழுக்க மனிதர் தொகுத்தது. 1961-ல் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்திலிருந்து வெளிவந்தது. அதன் வலஞ்சுழி வடிவம் இடஞ்சுழி வடிவத்தைவிட நூற்றுக்கணக்கான மடங்கு வீரியம் உள்ளது. பார்வை நரம்பைப் பாதிக்கும் அதன் பக்கவிளைவோ உட்கொள்ளும் அளவைப் பொறுத்துக் கூடுவது. கலவையாகக் கொடுத்தால் நோயைக் கொல்லாத பாதியின் சுமையையும் நோயாளியின் கண்தான் தாங்க வேண்டும். ஆகவே எதாம்பூட்டாலில் வடிவத்தைத் தேர்வது மருந்து செய்பவரின் நேரடிப் பொறுப்பு.

1992-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வெளியிட்ட கொள்கை அறிக்கை இந்தப் பொறுப்பை உலகெங்கும் உறுதியாக்கியது. கலவையாக விற்க விரும்புவோர் ஒவ்வொரு வடிவத்தின் செயலையும் தனித்தனியே ஆராய்ந்து காட்ட வேண்டியதாயிற்று. அதன்பின் ஒற்றை வடிவ மருந்துகளை நோக்கித் தொழில் வேகமாக நகர்ந்தது. ஏற்றுமதியை நம்பியிருக்கும் மும்பையின் மருந்து நிறுவனங்களுக்கும் அது தவிர்க்க முடியாத விதியானது.

பாஸ்டரிலிருந்து தனாபே வரை

1848-ல் லூயி பாஸ்டர் டார்ட்டாரிக் அமில உப்பின் படிகங்களை உருப்பெருக்கியின் கீழ் வைத்து, வலது வேறு இடது வேறாகக் கையால் பிரித்தார். பத்து ஆண்டுகள் கழித்து, 1858-ல், பெனிசிலியம் பூஞ்சை டார்ட்டாரிக் அமிலக் கலவையில் வலஞ்சுழி வடிவத்தை மட்டும் தின்று மற்றதை விட்டுவைப்பதைக் கண்டார். பாதியை இழந்து பாதியைப் பெறும் இந்த முறையே இன்றும் பிரிப்பு முறைகளின் அடிப்படை. 1908-ல் ரோசென்தாலர் வாதுமைக் கொட்டையின் நொதியைக் கொண்டு பென்சால்டிஹைடையும் ஹைட்ரஜன் சயனைடையும் இணைத்து, கைரல் சேர்மம் ஒன்றைப் புதிதாகவே கட்டினார். பிரிப்பது மட்டுமல்ல, கட்டுவதும் நொதியால் முடியும் என்பது அப்போது தெளிவானது.

1921-ல் நியூபெர்க் நொதித்துக்கொண்டிருக்கும் ஈஸ்டில் பென்சால்டிஹைடைச் சேர்த்தபோது இடஞ்சுழி ஃபீனைல்அசிட்டைல்கார்பினால் உருவாவதைக் கண்டார். 1930-களில் ஜெர்மனியின் நோல் நிறுவனம் இதையே எஃபிட்ரின் என்ற மருந்தைச் செய்யும் தொழில்முறையாக்கியது. ஈஸ்ட் ஒரு கைரல் மையத்தை அமைத்துத் தரும். அடுத்து மெத்தில்அமீனோடு சேர்த்து ஒடுக்கினால் எஃபிட்ரின். உயிரும் வேதியியலும் பாதிப்பாதியாக வேலையைப் பகிர்ந்துகொண்ட முதல் பெரிய தொழில்முறை இது.

அடுத்த பாய்ச்சல் ஜப்பானில் நடந்தது. 1969-ல் தனாபே நிறுவனத்தில் சிபாட்டாவின் குழு அமினோஅசைலேஸ் நொதியைத் திடப்பொருளின் மேல் நிலைநிறுத்தி, அமினோ அமிலங்களை வடிவம் பிரிக்கும் ஆலையை இயக்கியது. நொதி கரைந்து வீணாகாமல் திரும்பத் திரும்ப உழைத்தது. வேண்டாத வடிவத்தை மீண்டும் கலவையாக்கித் தொடக்கத்துக்கே அனுப்பியதால் பாதி இழப்பும் குறைந்தது. 1984-ல் ஸாக்ஸும் கிளிபனோவும் லைபேஸ் நொதி தண்ணீர் ஏறக்குறைய இல்லாத கரிமக் கரைப்பானிலும், 100 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் வேலை செய்வதைக் காட்டினார்கள். நொதி என்றால் தண்ணீர், வெதுவெதுப்பு, நீர்த்த கரைசல் என்று ஒதுங்கி நின்ற கரிம வேதியியலாளர்கள் அதன்பின்தான் அதைத் தங்கள் மேசைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

வழிகளும் வரம்புகளும்

முதல் வழி பிரிப்பு. நொதி கலவையின் ஒரு வடிவத்தோடு விரைந்து வினைபுரியும். மற்றது அப்படியே நிற்கும். செய்வது எளிது, லைபேஸ்கள் கடையில் கிடைக்கும், துணைப்பொருள் எதுவும் வேண்டாம். குறை ஒன்றுதான்: விளைச்சல் 50 சதவீதத்தைத் தாண்டாது. ஹைதராபாத்தின் இந்திய வேதித் தொழில்நுட்ப நிறுவனத்தில் பத்னாவிஸ் குழு 1999-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எதாம்பூட்டாலின் மூலப்பொருளான 2-அமினோபியூட்டனாலின் கலவையை, நிலைநிறுத்திய பெனிசிலின் ஜி அசைலேஸ் நொதியால் பிரித்தார்கள். வழக்கமாக இந்தப் பிரிப்பை டார்ட்டாரிக் அமிலத்தோடு உப்பாக்கிப் படிகமாக்கியே செய்கிறார்கள். பெனிசிலின் தொழிலுக்காக உருவான நொதி ஒன்று காசநோய் மருந்துக்கும் உதவலாம் என்று அந்த ஆய்வு காட்டியது.

இரண்டாவது வழி ஒடுக்கம். கைரல் அல்லாத கீட்டோனை எடுத்து, நொதியால் ஹைட்ரஜனை ஒரே பக்கத்திலிருந்து சேர்த்தால் முழுப்பொருளும் ஒரே வடிவ ஆல்கஹாலாகலாம். இங்கே நொதிக்கு விலையுயர்ந்த இணைநொதி தேவை. அதை அளவாக வாங்கிச் செலவிடுவது கட்டுப்படியாகாது. வினைக்குள்ளேயே புதுப்பித்துக்கொள்ள வேண்டும். உயிருள்ள முழுச் செல்லைப் பயன்படுத்தினால் அந்த வேலையைச் செல்லே பார்த்துக்கொள்ளும். ஹைதராபாத்தில் ஜே. எஸ். யாதவ் குழு 2002-ல் காய்கறிக் கடைக் கேரட்டை நறுக்கித் தண்ணீரில் போட்டே கீட்டோன்களை ஒடுக்கிக் காட்டியது. எளிமையால் பலரும் எடுத்தாண்ட முறை அது. ஆனால் ஒரு டன் மருந்துக்கு எத்தனை டன் கேரட் வேண்டும் என்று கேட்டால் ஆய்வகத்துக்கும் ஆலைக்கும் உள்ள தூரம் புரியும்.

மூன்றாவது வழி கலவை முழுவதையும் ஒரே வடிவமாக்குவது. சென்னை ஐ.ஐ.டி.யில் அஞ்சு சட்டா குழு கேண்டிடா பாராப்சிலோசிஸ் என்ற ஈஸ்டைக் கொண்டு ஆல்ஃபா-ஹைட்ராக்சி எஸ்டர்களின் கலவையை இப்படி மாற்றியது. ஈஸ்டின் ஒரு நொதி வேண்டாத வடிவத்தைக் கீட்டோனாக ஆக்சிஜனேற்றுகிறது. இன்னொன்று அந்தக் கீட்டோனை வேண்டிய வடிவமாக ஒடுக்குகிறது. கோட்பாட்டளவில் 100 சதவீத விளைச்சல் சாத்தியம். அமாக்சிசிலினுக்கு வேண்டிய ஹைட்ராக்சிஃபீனைல்கிளைசினை ஜப்பானின் கனேகா நிறுவனம் ஹைடான்டாய்னேஸ் நொதியால் செய்ததும் இதே தத்துவம்தான்: ஒரு வடிவத்தை நொதி எடுக்க எடுக்க, மீதி தானே கலவையாகி மறுபடி நொதிக்குக் கிடைக்கிறது.

மாதுங்காவும் டிராம்பேயும்

மாதுங்காவில் உள்ள, 1933-ல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் வேதித் தொழில்நுட்பத் துறையாகத் தொடங்கி, பலகாலம் யூ.டி.சி.டி. என்றே அறியப்பட்டு, 2008-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான ஐ.சி.டி.க்குத் தமிழர்களோடு பழைய உறவு உண்டு. அதன் முதல் இந்திய இயக்குநர் சென்னையில் பிறந்த சாய வேதியியலாளர் கே. வெங்கடராமன். 1957-ல் அவர் புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகத்துக்கு முதல் இந்திய இயக்குநராகப் போனார். தொழிலுக்குப் பயன்படாத வேதியியல் அரைகுறை என்ற மனப்போக்கு மாதுங்காவின் அடித்தளத்திலேயே ஊறியது.

அந்த மனப்போக்கு உயிர்வினையூக்கத்திலும் தெரிகிறது. உணவு, நொதித்தல் தொழில்நுட்பப் பிரிவில் புஷ்பா குல்கர்னியும் அவருடைய மாணவர்களும் 2000-த்தை ஒட்டிய ஆண்டுகளில் நியூபெர்க்கின் பழைய ஈஸ்ட் வினையை மறுபடி கையில் எடுத்தார்கள். டோருலாஸ்போரா டெல்புரூக்கி என்ற ஈஸ்டைப் பயன்படுத்தினார்கள். இந்த வினையின் இடர் என்னவென்றால், பென்சால்டிஹைடு ஈஸ்டுக்கு நஞ்சு. அதோடு ஈஸ்ட் அதில் ஒரு பகுதியைப் பயனற்ற பென்சைல் ஆல்கஹாலாகவும் மாற்றிவிடும். பீட்டா-சைக்ளோடெக்ஸ்ட்ரின் சேர்ப்பது உட்பட, ஈஸ்டின் மேல் விழும் அடியைக் குறைக்கும் வழிகளை ஆராய்ந்தார்கள்; குடுவையிலிருந்து பெரிய அளவுக்கு நகர்த்தினார்கள்; கிடைத்த பொருளை நுண்ணலை வெப்பத்தில் எஃபிட்ரினாக மாற்றவும் செய்தார்கள். நுண்ணுயிர், பொறியியல், கரிமத் தொகுப்பு மூன்றையும் ஒரே கூரையின் கீழ் இணைத்த இப்படிப்பட்ட வேலையே நமக்கு இன்னும் அதிகம் தேவை.

அதே வளாகத்தில் ஜி. டி. யாதவ் குழு வேறொரு கோணத்தில் வந்தது. மேன்டெலிக் அமிலம் போன்ற பொருள்களை நிலைநிறுத்திய லைபேஸால் பிரிக்கும்போது வேகம் எதைப் பொறுத்தது, நொதியை எது முடக்குகிறது, நுண்ணலை என்ன செய்கிறது என்று வினைவேகவியலாக அளந்தது. விளைச்சலையும் தூய்மையையும் மட்டும் சொல்லி முடியும் ஆய்வறிக்கையை வைத்து ஆலைப் பொறியாளர் வினைகலனை வடிவமைக்க முடியாது. வேகச் சமன்பாடு இருந்தால் முடியும். அந்த வகையில் இந்த அளவீடுகளின் மதிப்பு பெரிது.

செம்பூரை அடுத்த டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம் என்றதும் அணு உலைதான் நினைவுக்கு வரும். அதன் உயிர்-கரிமப் பிரிவில் சுப்ரதா சட்டோபாத்யாய் குழு ரைசோபஸ் அரைசஸ் என்ற பூஞ்சையால் அரோமாட்டிக் கீட்டோன்களை ஒடுக்கி, மூலக்கூறின் எந்தப் பகுதி மாறினால் பூஞ்சையின் தேர்வு எப்படி மாறுகிறது என்று வரிசைப்படுத்தியது. மாதுங்காவும் தாராவியும் அடுத்தடுத்த பகுதிகள்; டிராம்பேயும் அதே நகரத்துக்குள்தான். தேவை ஓரிடத்திலும் அறிவு பக்கத்திலும் இருந்தும், இரண்டையும் சேர்க்கும் ஆலைப் பாதை நீண்டதாகவே இருக்கிறது.

ஆலைக்குப் போனவை

இந்தியாவில் நொதி முழுமையாக வென்ற களம் 6-ஏ.பி.ஏ. அரைச்செயற்கைப் பெனிசிலின்கள் அனைத்துக்கும் இதுவே கரு. பெனிசிலின் ஜியின் பக்கச்சங்கிலியை மட்டும் வெட்டி, மென்மையான பீட்டா-லாக்டம் வளையத்தைச் சிதையாமல் காக்க வேண்டும். வேதிமுறைக்குச் சுழியத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரும், பாஸ்பரஸ் பென்டாகுளோரைடும், குளோரின் கலந்த கரைப்பான்களும் வேண்டும். பெனிசிலின் அசைலேஸ் அதே வெட்டைத் தண்ணீரில், உடல் வெப்பத்தில் செய்கிறது. புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகம் இந்த நொதியை நிலைநிறுத்தும் நுட்பத்தில் ஆழமாக உழைத்தது. மும்பையை ஒட்டிய தானேயின் ஃபெர்மென்டா பயோடெக் போன்ற நிறுவனங்கள் நிலைநிறுத்திய நொதிகளை இங்கேயே செய்து விற்கின்றன.

எஃபிட்ரினும் இந்தியாவில் ஈஸ்ட் வழியாக ஆலை அளவில் செய்யப்பட்டது. ஆந்திரத்தின் நெல்லூர்ப் பகுதியில் கிரெப்ஸ் பயோகெமிக்கல்ஸ் நிறுவனம் இதற்காகவே நொதித்தல் ஆலை அமைத்தது.

மூன்றாவது, அடோர்வாஸ்டாடின். கொழுப்பைக் குறைக்கும் இந்த மருந்தின் பக்கச்சங்கிலியை மூன்று நொதிகளால் செய்யும் முறைக்காக அமெரிக்காவின் கோடெக்ஸிஸ் 2006-ல் அந்நாட்டு அதிபரின் பசுமை வேதியியல் விருதைப் பெற்றது. இயற்கை நொதிகள் ஆலைக்கு வேண்டிய வேகத்தில் இயங்கவில்லை. மரபணுவில் மாற்றங்களைப் புகுத்தி, சிறந்ததைத் தேர்ந்து, மறுபடி மாற்றி, அவற்றை ஆலைக்குத் தகுதியாக்கினார்கள். இந்த நெறிப்படுத்திய பரிணாம முறைக்காகவே ஃபிரான்சஸ் ஆர்னால்டு 2018-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மும்பையின் ஆர்ச் ஃபார்மாலேப்ஸ் கோடெக்ஸிஸோடு கைகோத்து இந்த இடைநிலைப் பொருள்களைச் செய்தது. ஆலையும் ஆட்களும் இந்தியாவில். நொதியின் வடிவமைப்பு அமெரிக்காவில்.

நீரிழிவு மருந்தான சிட்டாக்லிப்டின் இதன் உச்சம். மெர்க் நிறுவனம் ரோடியம் வினையூக்கியும் உயர் அழுத்த ஹைட்ரஜனும் கொண்டு அதைச் செய்துவந்தது. 2010-ல் மெர்க்கும் கோடெக்ஸிஸும் வெளியிட்ட ஆய்வின்படி, தொடக்கத்தில் இந்த மூலக்கூறைத் தொடக்கூட முடியாத டிரான்ஸ்அமினேஸ் நொதி, 27 மாற்றங்களுக்குப் பின் லிட்டருக்கு 200 கிராம் கீட்டோனை மாற்றியது. வடிவத் தூய்மை 99.95 சதவீதத்துக்கும் மேல். விளைச்சல் 10 முதல் 13 சதவீதம் உயர்ந்தது. கழிவு 19 சதவீதம் குறைந்தது. 2022-ல் இந்தியாவில் காப்புரிமை முடிந்ததும் இந்த மருந்து பல நிறுவனங்களின் பெயரில், குறைந்த விலையில் கடைகளுக்கு வந்தது. மருந்தின் காப்புரிமை முடிவதால் மட்டும் அதைச் சிறப்பாகச் செய்யும் நொதி நம் கைக்கு வந்துவிடாது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

பசுமை என்ற சொல்லுக்குக் கணக்கு

நொதி என்றாலே தூய்மை என்று நம்புவது தவறு. நீர்த்த கரைசலில் வினை நடந்தால் பொருளைப் பிரித்தெடுக்க எக்கச்சக்கமான கரைப்பான் செலவாகும். செல்களும் புரதமும் கலந்த நீர் கரைப்பானோடு சேர்ந்து பால்மமாகி, பிரிக்கும் வேலையைப் பாழாக்கும். மிஞ்சும் கழிவுநீரில் கரிமச் சுமை அதிகம். லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம் மட்டும் மாற்றும் நுண்ணுயிர் ஆய்விதழுக்குப் போதும், ஆலைக்குப் போதாது. டார்ட்டாரிக் அமிலம் போட்டுப் படிகமாக்கும் நூற்றாண்டுப் பழைய முறை இன்றும் பல மருந்துகளில் நிலைத்திருப்பதற்குச் சோம்பல் காரணமல்ல. அது மலிவானது, நம்பகமானது, அமிலத்தை மீட்டு மறுபடி பயன்படுத்தலாம். நொதி அதை வெல்ல வேண்டுமானால் கிலோவுக்கு ஆகும் நொதிச் செலவு, செறிவு, நொதி எத்தனை சுற்று உழைக்கும், கழிவின் எடை ஆகிய நான்கிலும் எண்களோடு வெல்ல வேண்டும். நம் ஆய்வறிக்கைகள் பெரும்பாலும் வடிவத் தூய்மையை முதல் வரியில் சொல்கின்றன. இந்த நான்கையும் கடைசி வரியில்கூடச் சொல்வதில்லை.

நொதியைச் செய்யும் திறன்

இவ்வளவையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாகத் தெரிவது ஒன்று. நொதியைப் பயன்படுத்தும் அறிவு நம்மிடம் நிறைய இருக்கிறது. நொதியை உருவாக்கி, மாற்றி, டன் கணக்கில் நொதித்து எடுக்கும் அறிவும் வசதியும் குறைவு. நம் பிரிப்பு ஆய்வுகளில் பெரும்பகுதி ஓர் ஐரோப்பிய நிறுவனம் விற்கும் ஒரே லைபேஸைச் சுற்றியே நடந்திருக்கிறது.

நொதித்தல் தொழிலைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பெனிசிலினே பாடம். பிம்ப்ரியில் 1954-ல் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் முதல் கடலூரில் ஸ்பிக் அமைத்த ஆலைவரை, பெனிசிலின் ஜி இங்கே செய்யப்பட்டது. சீனாவின் பேரளவு உற்பத்தியும் மலிவு விலையும் வந்ததும் அவை ஒவ்வொன்றாக நின்றன, 6-ஏ.பி.ஏ.யும் இறக்குமதிப் பொருளானது. வெட்டும் நொதி நம்மிடம் இருந்தும் வெட்டுவதற்கான பெனிசிலின் இல்லாமல் போனது. 2020-ல் அரசு 6,940 கோடி ரூபாய் ஒதுக்கி உற்பத்தி ஊக்கத் திட்டத்தை அறிவித்து, அதன் துணையோடு 2024-ல் காக்கிநாடாவில் அரபிந்தோ குழுமத்தின் பெனிசிலின் ஜி ஆலை இயங்கத் தொடங்கியபோது, இழந்ததை மீட்க எவ்வளவு செலவாகும் என்பது நாடு முழுவதற்கும் புரிந்தது.

மாதுங்காவால் இந்தப் பாதையை முழுவதும் நடக்க முடியும். ஐ.சி.டி.யின் உயிர்ஆற்றல் மையம் வேளாண் கழிவிலிருந்து எத்தனால் எடுக்கும் தொழில்நுட்பத்தை உருவாக்கி, 2016-ல் உத்தராகண்டின் காசிப்பூரில் நாளுக்கு 10 டன் கழிவைக் கையாளும் ஆலையாக நிறுவிக் காட்டியது. எரிபொருளுக்கு முடிந்தது மருந்துக்கும் முடியும்.

அதற்கு மூன்று காரியங்கள் உடனே வேண்டும். சண்டிகரிலும் புனேயிலும் உள்ள நுண்ணுயிர்ச் சேமிப்பகங்களிலிருந்து மருந்துத் தொழிலுக்குத் தேவையான நொதிகளைத் தேடியெடுத்து, சிறு நிறுவனங்களும் வாங்கிச் சோதிக்கக்கூடிய பொது நொதித் தொகுப்பு ஒன்றை உருவாக்க வேண்டும். கரிமத் தொகுப்பு படிக்கும் மாணவர் ஃபெர்மென்டரையும், நுண்ணுயிரியல் படிக்கும் மாணவர் வடிகலனையும் கையால் இயக்கிப் பழகிய பின்னரே பட்டம் பெற வேண்டும். பொதுப்பணத்தில் நடக்கும் ஒவ்வோர் உயிர்வினையூக்க ஆய்வும் செறிவையும், நொதிச் செலவையும், கழிவையும் எண்களாகச் சொல்ல வேண்டும்.

சோதனைப் பொருளாக எதாம்பூட்டாலையே எடுக்கலாம் என்பது என் பரிந்துரை. அதன் மூலக்கூறு எளிது. பிரிக்கும் நொதி 1999 முதல் தெரியும். காசநோய் மருந்துகளால் உலகப் பெயர் பெற்ற லூப்பின் நிறுவனத்தின் தலைமையகமும் மும்பைதான். நோயாளிகளுக்கு அதை இலவசமாகத் தருவது அரசு. டார்ட்டாரிக் அமில முறையையும் நொதி முறையையும் ஒரே அளவில், ஒரே ஆலையில், திறந்த கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். நொதி தோற்றால் எந்தப் படியில் தோற்றது என்று தெரியும். அடுத்த ஆய்வு அங்கிருந்து தொடங்கும். வென்றால், தாராவியின் நோயாளி விழுங்கும் மாத்திரை இந்த மண்ணில் வடிவமைத்து, இங்கேயே நொதித்தெடுத்த நொதியால் செய்ததாக இருக்கும். இரண்டு முடிவுகளில் எது வந்தாலும் அந்த ஒப்பீடு நாட்டுக்கு லாபமே. அதைச் செய்யாமல் இன்னும் நூறு ஆய்வறிக்கைகள் எழுதுவதுதான் நட்டம்.